விமான இன்ஜினில் சின்ன ஆயில் கசிவு: பறக்கலாமா, நிறுத்த வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நான்கு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானம், லைகோமிங் ஓ-320 இன்ஜின். ஒவ்வொரு முறை பறந்து வந்த பிறகும் வயிற்றுப் பக்கம் ஆயில் கோடுகள். நிறுத்திய இடத்தில் தரையில் இரண்டு மூன்று சொட்டு. மெக்கானிக்கிடம் கேட்டால், "இந்த இன்ஜின் எல்லாம் கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்கிறார். பறக்கலாமா, எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பார்ப்பது?

மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. காற்றில் குளிரும் இந்த இன்ஜின்களில் அலுமினியமும் இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சூடாகும்போது இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. இன்ஜினின் உடலான கிரான்க்கேஸே இரண்டு பாதிகளைச் சேர்த்து போல்ட் போட்டு முடுக்கியதுதான். அதற்கு மேல் நான்கு சிலிண்டர், எட்டு புஷ்ராட் குழாய், பின்னால் மேக்னெட்டோ, வாக்யூம் பம்ப், ஃபில்டர் என்று இணைப்புக்கு மேல் இணைப்பு. ஆயிரம் மணி நேரம் ஓடிய இன்ஜின் ஒன்று எங்கேயும் ஈரமில்லாமல் எலும்பு போலக் காய்ந்து கிடந்தால், ஆயில் இருக்கிறதா என்று டிப்ஸ்டிக்கைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

ஆனால் "கொஞ்சம்" என்ற சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். எவ்வளவு கசிகிறது என்பதைவிட எங்கிருந்து கசிகிறது என்பதுதான் பெரிய விஷயம். சிலிண்டர் தலையை மூடும் தகடான ராக்கர் கவரின் அடியில் தொங்கும் ஒரு சொட்டு அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் வரை காத்திருக்கும். ஆயில் கூலருக்குப் போகும் ஹோஸில் அதே ஒரு சொட்டைப் பார்த்தால் அந்த விமானம் அன்றைக்குத் தரையை விட்டு எழக் கூடாது. காரணம் எளிது. ராக்கர் கவருக்குள் இருப்பது வேலை முடிந்து, தானாக வழிந்து, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்குத் திரும்பும் ஆயில். அதன் பின்னால் அழுத்தம் இல்லை. கூலர் ஹோஸுக்குள் இருப்பது பம்ப் தள்ளுகிற ஆயில். உங்கள் இன்ஜின் பறக்கும்போது கேஜில் 60 முதல் 90 பிஎஸ்ஐ வரை காட்டுகிறதல்லவா, கிட்டத்தட்ட அந்த அழுத்தம் அந்த ஹோஸின் உள்சுவரையும் தள்ளிக்கொண்டிருக்கிறது. முதல் கசிவு மோசமானால் விமானம் அழுக்காகும். இரண்டாவது மோசமானால் சில நிமிடங்களில் சம்ப் காலியாகும். அதனால் எந்தக் கசிவைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது பம்ப் தள்ளும் பக்கமா, வழிந்து திரும்பும் பக்கமா என்பதைத்தான்.

வயிற்றில் கோடு என்று சொன்னதும் எனக்கு முதலில் சந்தேகம் வருவது பிரீதர் குழாய் மீது. அது கசிவே இல்லை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கிரான்க்கேஸுக்குள் இறங்கும். அதை வெளியேற்றும் குழாய்தான் பிரீதர். அந்த வாயுவோடு ஆயில் ஆவியும் தண்ணீர் ஆவியும் போய், குழாயின் நுனியில் ஈரமாகிக் காற்றில் பின்னோக்கி இழுபடும். 100 நாட் வேகத்தில் வீசும் காற்றுக்கு ஒரு ஸ்பூன் ஆயில் போதும், வயிறு முழுக்கப் பூசிவிடும். பார்க்கிறவருக்கு ஒரு குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) போனது போலத் தோன்றும்.

சம்பின் முழுக் கொள்ளளவு 8 குவார்ட் என்பதற்காக ஒவ்வொரு முறையும் 8 வரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே நிற்கும் அந்த ஒன்று, ஒன்றரை குவார்ட்டை இன்ஜின் வைத்துக்கொள்ளாது, பிரீதர் வழியே துப்பிவிடும். மறுநாள் டிப்ஸ்டிக்கில் 7 காட்டும், திரும்ப ஊற்றுவார்கள், திரும்பத் துப்பும். பல இன்ஜின்கள் 6 அல்லது ஆறரைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடும். உங்கள் விமானத்தின் கையேட்டில் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல், ஊற்றுவதை 6 அல்லது ஆறரையோடு நிறுத்திப் பாருங்கள். நீண்ட பயணம் என்றால் கூடுதலாக ஊற்றுவது வேறு கதை. பலருக்கு வயிற்றுக் கோடு இதிலேயே நின்றுவிடும்.

டிப்ஸ்டிக் பார்ப்பதிலும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். இன்ஜினை நிறுத்திய உடனே பார்த்தால் பாதி ஆயில் இன்னும் மேலேயே இருக்கும், குறைவாகக் காட்டும். விமானம் சரிவில் நின்றாலும் கணக்கு மாறும். பறப்பதற்கு முன், சமதளத்தில், இன்ஜின் குளிர்ந்த நிலையில் பார்த்து எழுதி வையுங்கள். ஊற்றிய அளவு, பறந்த நேரம் இரண்டும் ஒரு சின்ன நோட்டில் இருந்தால் போதும். லைகோமிங் கொடுத்திருக்கும் உச்ச வரம்பு ஒன்று உண்டு: குதிரைத்திறனை 0.006 ஆலும் பிறகு 4 ஆலும் பெருக்கி, 7.4 ஆல் வகுக்க வேண்டும். 160 குதிரைத்திறன் இன்ஜினுக்கு மணிக்கு 0.52 குவார்ட் வருகிறது. இது ஆபத்தின் எல்லைதான், நல்ல இன்ஜினின் அளவுகோல் இல்லை. ஆரோக்கியமான இன்ஜின் இதில் ஒரு சிறு பங்கைத்தான் செலவழிக்கும். போன மாதம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் என்று இருந்தது, இந்த மாதம் நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்றால், வரம்புக்குள் இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. மாற்றம்தான் செய்தி.

இனி தரையில் விழும் சொட்டு. இது பிரீதரிலிருந்தும் வரலாம், ஆனால் பெரும்பாலும் வேறு ஒன்று. கண்டுபிடிக்க ஒரே வழி, சுத்தம் செய்துவிட்டுத் தேடுவது. அழுக்கு இன்ஜினில் கசிவைத் தேடுவது நேர விரயம், பழைய ஆயிலுக்கும் புது ஆயிலுக்கும் வித்தியாசமே தெரியாது. இன்ஜினை மூடியிருக்கும் கௌலிங்கைக் கழற்றி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மேக்னெட்டோ, ஆல்டர்னேட்டர், வாக்யூம் பம்ப், ஸ்டார்ட்டர் இவற்றைப் பிளாஸ்டிக் சுற்றி மறைத்துவிட்டு, மினரல் ஸ்பிரிட் தெளித்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வாக்யூம் பம்ப்புக்குள் சால்வென்ட் போனால் அது செத்தது, ஆயில் தேடப் போய்ப் பம்ப் வாங்க வேண்டி வரும். திறந்த வெளியில் செய்யுங்கள், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஸ்டார்ட்.

அப்புறம் சந்தேகமான இணைப்புகளின் மேல் வெள்ளை டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவலாம். விரிசல் சோதனைக்குப் பயன்படும் டெவலப்பர் ஸ்ப்ரே இருந்தால் அது இன்னும் நல்லது, வெள்ளையாகப் படிந்து நிற்கும். சில நிமிடம் தரையில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். வெள்ளையின் நடுவில் ஈரமான சாம்பல் நிறக் கோடு ஒன்று கீழே இறங்கியிருக்கும், அது தொடங்கும் புள்ளிதான் நமக்கு வேண்டியது. கௌலிங் இல்லாமல் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். சிலிண்டர்களுக்குக் காற்றை வழிநடத்துவதில் கௌலிங்குக்கும் பங்கு உண்டு, அது இல்லாமல் பின் சிலிண்டர்கள் சீக்கிரம் கொதித்துவிடும். ப்ரொப்பெல்லர் சுற்றும்போது யாரும் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

தரையில் ஓட்டும்போது எதுவும் தெரியாமல், பறந்தால் மட்டும் கசிகிற கேஸும் உண்டு. அப்போது கௌலிங்கை மாட்டி, விமான நிலையத்துக்கு மேலேயே அரை மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கி உடனே கழற்றிப் பாருங்கள். இங்கே ஒரு விதியை நினைவில் வையுங்கள்: காற்று முன்னாலிருந்து நுழைந்து, சிலிண்டர்களுக்கு நடுவே கீழிறங்கி, பின்பக்கம் அடியில் வெளியேறுகிறது. ஆயிலும் அதே வழியில்தான் போகும். இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலுக்குக் கீழே சொட்டுகிறது என்றால் ஃபயர்வாலுக்குக் கீழே தேடாதீர்கள். ஈரத்தில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னாலேயும் இருக்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

நிறத்தையும் பாருங்கள், எல்லாமே இன்ஜின் ஆயில் இல்லை. பிரேக்கிலும் முன்சக்கர டேம்பரிலும் இருக்கும் ஹைட்ராலிக் திரவம் சிவப்பு. நீலக் கறை என்றால் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல், அது தனி அவசரம். சில மெக்காலி ப்ரொப்பெல்லர்களின் ஹப்புக்குள் (பிளேடுகள் சேரும் நடுப்பகுதி) வேண்டுமென்றே சிவப்புச் சாயம் கலந்த ஆயில் வைத்திருப்பார்கள், ஹப்பில் விரிசல் விட்டால் வெளியே தெரியட்டும் என்று. ப்ரொப்பெல்லர் பிளேடில் சிவப்புக் கோடு பார்த்தால் துடைத்துவிட்டுப் பறக்கிற வேலையே கூடாது.

இடங்களுக்கு வருவோம். ஓ-320 இல் சொட்டு என்றால் நான் முதலில் பார்ப்பது ராக்கர் கவர்கள். கவரின் கீழ் ஸ்க்ரூவில் ஒரு சொட்டு தொங்கும், அதைச் சுற்றித் தூசி ஒட்டிப் பழுப்பு நிறத்தில் பஞ்சு போல ஒரு வளையம் இருக்கும். உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து இறுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். கவர் மெல்லிய தகடு, அதிகம் இறுக்கினால் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி அது உள்வாங்கி, இரண்டு துளைகளுக்கு நடுவே மேலெழும்பும். அப்புறம் புது கேஸ்கெட் போட்டாலும் கசியும். தகட்டைக் கழற்றிச் சமமான பரப்பில் வைத்துத் தட்டி நேராக்கி, புது கேஸ்கெட் போட்டு, கையேட்டில் சொன்ன டார்க்கோடு (இறுக்க வேண்டிய அளவு) நிறுத்துவதுதான் வழி. சிலிகான் கேஸ்கெட் என்றால் இன்னும் மென்மையாக. இது சொற்பச் செலவு.

அடுத்தது சிலிண்டர் தலையிலிருந்து சம்புக்கு ஆயில் திரும்பும் குழாய்கள். அவை முடியும் இடத்தில் குட்டையான ரப்பர் ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் இருக்கும். எக்ஸாஸ்ட் சூட்டில் அந்த ரப்பர் கல்லாகிவிடும், நகத்தால் அழுத்தினால் பதியாது. கல்லான ஹோஸில் கிளாம்ப்பை எவ்வளவு முடுக்கினாலும் பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும். புஷ்ராட் குழாய்களின் சீலும் இப்படித்தான் வயதாகி இறுகும். சம்பின் அடியில் ஆயில் இறக்கும் வால்வு இருக்கிறதே, அதையும் மறக்காதீர்கள். ஆயில் மாற்றிய பிறகு அது முழுக்க மூடவில்லை என்றாலோ, உள்ளே ஒரு சின்னத் துகள் மாட்டியிருந்தாலோ சொட்டிக்கொண்டே இருக்கும். கசிவு ஆயில் மாற்றியதற்கு அடுத்த நாள் தொடங்கியது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், அந்த வேலையில் கை பட்ட இடங்களைப் பாருங்கள்.

அந்தக் கை பட்ட இடங்களில் ஃபில்டர் முக்கியமானது, ஏனென்றால் அது பம்ப் தள்ளும் பக்கம். சாம்பியன் ஃபில்டருக்கு 16 முதல் 18 அடி-பவுண்டு டார்க், அதோடு தானாகக் கழலாமல் பிடிக்கும் லாக் ஒயர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுகிற விபரீதமும் நடக்கும். இரட்டை வளையம் தரையில் தாங்கும், ஏறும்போது பிதுங்கும். சில லைகோமிங் இன்ஜின்களில் ஃபில்டர் உட்காரும் கன்வெர்ட்டர் பிளேட்டின் கேஸ்கெட்டுக்கே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ கட்டாய உத்தரவு போட்டது, எண் 2002-12-07. அந்த கேஸ்கெட் விட்டால் ஆயில் முழுக்கப் போய்விடும் என்பதுதான் காரணம். உங்கள் இன்ஜினுக்கு அது பொருந்துமா, பொருந்தினால் செய்து முடித்ததா என்று லாக் புக்கில் தேடுங்கள்.

பின்பக்கம் மேக்னெட்டோ, பெட்ரோல் பம்ப், வாக்யூம் பம்ப் கேஸ்கெட்டுகளில் வருவது பொதுவாக மெதுவான ஈரம்தான். வாக்யூம் பம்ப் மட்டும் விதிவிலக்கு. உலர் வகைப் பம்ப்புக்குள் கார்பன் பிளேடுகள், அவற்றில் ஆயில் பட்டால் நொறுங்கிவிடும், கூடவே அந்தப் பம்ப்பை நம்பி ஓடும், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியும் போகும். மேகத்துக்குள் பறக்கிறவர் இதைச் சின்னக் கசிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பக்கம், ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்கும் கிரான்க்‌ஷாஃப்ட் சீல் விட்டால் கௌலிங்கின் மூக்கிலும் விண்ட்ஷீல்டிலும் பொடிப்பொடியாக ஆயில் தெறிக்கும். இங்கே சீலை மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: சீல் தானாகக் கெட்டதா, உள்ளிருந்து தள்ளப்பட்டதா? பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டால் கிரான்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தைத் தேடி வெளியேறும். குளிர் நாடுகளில் பிரீதர் நுனியில் ஈரம் உறைந்து இப்படி நடப்பது உண்டு. அதற்காகத்தான் கௌலிங்குக்குள்ளேயே, சூடான இடத்தில், பிரீதர் குழாயில் ஒரு சின்னப் பிளவு வைத்திருப்பார்கள். யாராவது புதுக் குழாய் போடும்போது அந்தப் பிளவு இல்லாமல் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். குளவி மண் வைத்து அடைப்பதும் நடக்கக்கூடியதுதான்.

ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் கசிவு தொடங்கினாலும் இதே சந்தேகம்தான். நாலைந்து கேஸ்கெட் ஒரே வாரத்தில் கெடாது. பிரீதர் சுத்தமாக இருந்தால், அடுத்தது பிஸ்டன் ரிங். ரிங் தேய்ந்தோ ஒட்டிக்கொண்டோ இருந்தால் எரிந்த வாயு அளவுக்கு மீறிக் கீழே இறங்கி கிரான்க்கேஸை ஊதும். 80 பிஎஸ்ஐ வைத்துச் செய்யும் கம்ப்ரஷன் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், ஆயில் பரிசோதனைக்கும் ஒரு மாதிரி அனுப்புங்கள். இதைப் பார்க்காமல் கேஸ்கெட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போவது, காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப் போடுவது மாதிரி.

சிலிண்டர் அடிப்பகுதி கிரான்க்கேஸோடு சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். வெறும் ஆயில் என்றால் அடி ஓ-ரிங் போயிருக்கலாம். ஆயிலோடு சாம்பல், வெள்ளி நிறத்தில் மை போன்ற கறை கலந்திருந்தால், இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று அர்த்தம். அதாவது, சிலிண்டரைப் பிடிக்கும் நட்டுகள் டார்க் இழந்திருக்கின்றன. சமீபத்தில் சிலிண்டர் கழற்றி மாட்டிய இன்ஜின் என்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். சிலிண்டர் பிய்த்துக்கொண்டு போகிற சம்பவங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. கிரான்க்கேஸின் நடு உலோகத்திலிருந்து, எந்த இணைப்பும் இல்லாத இடத்திலிருந்து ஆயில் வந்தால் அது விரிசல். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: பறக்கக் கூடாது.

அதே பட்டியலில் இன்னும் சில. கூலர், கூலர் ஹோஸ், கேஜுக்குப் போகும் குழாய், ஃபில்டர் பகுதி என அழுத்தம் உள்ள எங்கே ஈரம் பார்த்தாலும் சரி செய்த பிறகுதான் பறக்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய் மேல் சொட்டும் கசிவு அளவில் சின்னதாக இருந்தாலும் பெரிய கசிவுதான், ஏனென்றால் அங்கே விஷயம் ஆயில் குறைவது இல்லை, தீ. கேபினில் எரிந்த ஆயில் வாசனை வந்தால் அந்த வழியாகத்தான் பெரும்பாலும் வரும்.

கசிவை நிறுத்த ஆயிலில் ஊற்றும் கார் மருந்துகள் வேண்டவே வேண்டாம், விமான இன்ஜினுக்கு ஒப்புதல் இல்லாதது எதுவும் உள்ளே போகக் கூடாது. வெளியே சிலிகான் பசை அப்புவதும் அப்படித்தான். உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் துளையை அடைத்தால், கசிவைவிடப் பெரிய சங்கடம். எந்த வேலையை விமான உரிமையாளரே செய்யலாம், எதற்கு லைசென்ஸ் உள்ள மெக்கானிக் கையெழுத்து வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். கழுவுவதும் தேடுவதும் நீங்கள் செய்யலாம், கேஸ்கெட் மாற்றுவதை அவரிடம் விடுங்கள். இடத்தைக் கண்டுபிடித்து ஒரு போட்டோவோடு போனால் அவருடைய பேச்சும் மாறிவிடும்.

பறந்துகொண்டிருக்கும்போது சின்னக் கசிவு பெரிதானால் கேஜ்கள் சொல்லும். அழுத்தம் குறைகிறது, ஆயில் சூடு ஏறுகிறது என்று இரண்டும் சேர்ந்து நடந்தால் ஆயில் உண்மையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. பவரைக் குறைத்து, இன்ஜின் எந்த நிமிடமும் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டு இறங்க இடம் பாருங்கள். சூடு மாறாமல் அழுத்தம் மட்டும் விழுந்தால் கேஜ் பொய் சொல்லவும் வாய்ப்பு உண்டு, ஆனாலும் பக்கத்து விமான நிலையத்தில் இறங்கித்தான் அதை நிச்சயப்படுத்த வேண்டும். விண்ட்ஷீல்ட் முழுக்க ஆயில் படிந்தால் பக்கவாட்டு ஜன்னல் வழியே ஓடுபாதையைப் பார்த்து, மூக்கைச் சற்றுத் திருப்பிச் சறுக்கலாக இறங்கி வரலாம்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது: இந்த வாரம் கழுவி, 6 குவார்ட்டோடு நிறுத்தி, முதலில் தரையில் ஓட்டிப் பாருங்கள்; எதுவும் தெரியவில்லை என்றால் அரை மணி நேரம் சுற்றிவிட்டுக் கௌலிங்கைக் கழற்றிப் பாருங்கள். பிரீதர் நுனியும் வயிறும் மட்டும் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கிறது என்றால் கவலைப்படாமல் பறந்துகொண்டு நோட்டில் கணக்கு எழுதுங்கள். ராக்கர் கவரோ திரும்பு குழாயோ என்றால் அடுத்த ஆயில் மாற்றத்தோடு சேர்த்துச் செய்யச் சொல்லலாம். ஈரம் ஃபில்டர் பக்கமோ, ஹோஸ் பக்கமோ, சிலிண்டர் அடியிலோ இருந்தால் சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.